வெள்ளம் வடிந்த வீடும் சர்வேயர் வருவதற்கு முந்தைய ஐந்து நாட்களும்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை விடியற்காலையில் சென்னை வேளச்சேரியில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வரும் என்று எதிர்பார்த்துப் படியில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். அது குளியலறை வடிகால் ஓட்டையிலிருந்து கறுப்பாகப் பொங்கி மேலே வந்தது. மிக்ஜாம் புயல் மறுநாள் ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தபோது எங்கள் கூடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பத்திரங்கள் இருந்த பெட்டியையும் துணிமணிகளையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, எதிர்வீட்டு மாடியில் மூன்று இரவுகள் தங்கியிருந்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே வீடு நனைந்தது. அப்போது எங்களிடம் காப்பீடு இல்லை; ஆகவே தண்ணீர் வடிந்த அன்றே கழுவித் துடைத்து, கெட்டதை எல்லாம் தெருவில் எறிந்துவிட்டோம். இம்முறை காப்பீடு இருந்தது. அதனால் அதே வேலையை வேறு வரிசையில் செய்ய வேண்டியிருந்தது என்பதும், அந்த வரிசையில் இரண்டு இடங்களில் நான் தவறினேன் என்பதுமே இந்தப் பதிவுக்குக் காரணம்.

காப்பீடு இருந்தது என்பதுகூட எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. 2021 ஆகஸ்டில் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றியபோது கையெழுத்திட்ட தாள்களோடு ஒரு வீட்டுக் காப்பீடும் சேர்ந்து வந்திருந்தது. மூன்று ஆண்டுக்கான பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் உட்கார்ந்திருந்த இரண்டாம் நாள் மாலை என் மனைவிதான் அதை நினைவூட்டினார். மின்னஞ்சலில் தேடியபோது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் பாலிசி கிடைத்தது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுத் திட்டம் அது. வங்கிக் கடன் உள்ளவர்கள் தங்களிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கடன் கோப்பைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. எங்கள் தெருவில் மேலும் இரண்டு வீட்டாருக்கு இருந்தது, அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

டிசம்பர் 6 அன்று அலைபேசிக்குச் சிக்னல் வந்தவுடன், வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் சேதத்தைப் பதிவு செய்து கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) எண்ணை வாங்கினேன். சேதம் எவ்வளவு என்று தெரியாமல் எப்படிப் பதிவது என்ற தயக்கம் இருந்தது. தோராயமாகச் சொன்னால் போதும் என்றார்கள். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல், பாலிசி எண், வெள்ளம் புகுந்த நாள், நேரம், நின்ற உயரம் ஆகியவற்றை நான்கே வரிகளில் மின்னஞ்சலாகவும் அனுப்பினேன். பின்னால் யாரும் "எப்போது சொன்னீர்கள்" என்று கேட்கவில்லை என்றாலும், அந்த மின்னஞ்சலின் தேதியே எல்லாக் கடிதங்களுக்கும் அடிப்படையாக இருந்தது. எங்கள் பாலிசியின்படி, சேதத்தை முதலில் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கிளெய்ம் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

7ஆம் தேதி காலையில் உள்ளே போனோம். கணுக்கால் அளவு சேறு. குளிர்பதனப் பெட்டி மல்லாந்து மிதந்து வந்து சமையலறை வாசலில் குறுக்கே கிடந்தது. உள்ளே போனவுடன் துடைப்பத்தைத் தூக்கும் கையைக் கட்டுப்படுத்துவது எளிதல்ல. எங்களுக்கு உதவ வந்த பெண்மணி, நான் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்துக்குள், கூடத்துச் சுவர் இரண்டை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டார். அவர் மீது குற்றமில்லை, சொல்லாதது நான்தான். ஆனால் அந்தச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டிய பழுப்புக் கோடு போய்விட்டது. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயருக்கு அந்தக் கோடுதான் முதல் சான்று. எந்தப் பொருள் நனைந்திருக்க முடியும், எது நனைந்திருக்க முடியாது என்பதை அவர் அதை வைத்தே பிரிக்கிறார்.

நல்லவேளையாக மர பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது அதன் பின்பலகையில் அதே கோடு பென்சிலால் இழுத்தது போலத் தெளிவாக இருந்தது. கொத்தனாரின் இரும்பு டேப்பைத் தரையில் ஊன்றி, கோட்டருகே டேப்பின் எண் தெரியும்படி படம் எடுத்தேன்: 27 அங்குலம். படுக்கையறையில் தரை ஓர் அங்குலம் உயரம் என்பதால் அங்கே 26. சமையலறையிலும் குளியலறைக் கதவிலும் இதையே செய்தேன். துடைத்த சுவர்களைப் பற்றியும் ஒளிக்காமல் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

அதன்பின் ஒரு முறை காணொளி எடுத்தேன். வாசல் கதவு எண்ணிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல், ஒவ்வோர் அறையையும் இடப்பக்கச் சுவரிலிருந்து சுற்றி, பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போனேன். பதினொரு நிமிடம் வந்தது. காணொளிக்குப் பிறகு தனித்தனிப் பொருட்கள்: முழுப் பொருள் ஒரு படம், சேதம் மட்டும் ஒரு படம், மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒரு படம். சலவை இயந்திரத்தின் ஸ்டிக்கர் பின்பக்கத்தில் நனைந்து உரியும் நிலையில் இருந்தது. இரண்டு நாள் கழித்திருந்தால் காணாமல் போயிருக்கும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கி, எடுத்த நாள், நேரம் முதலிய விவரங்களையும் கழற்றிவிடும் என்பதால், மூலக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்பினேன்.

இத்தனையும் மின்சாரம் இல்லாத வீட்டில், பவர் பேங்க் ஒன்றை நம்பி நடந்தது. மின்வாரியம் தெருவுக்கு மின்சாரம் கொடுத்த பிறகும் நாங்கள் மெயினைப் போடவில்லை. நம் வீடுகளில் சுவிட்சுப் பலகைகள் நெஞ்சு உயரத்தில் இருந்தாலும், தொலைக்காட்சிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் வைத்த பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து ஓர் அடியில்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அப்படி ஏழு. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தன. எங்கள் தெருவுக்கு நெடுங்காலமாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒன்றின் மூடியைக் கழற்றி, மேலே உள்ள சுவிட்சுப் பெட்டியிலிருந்து குழாய் வழியாக ஊதுகருவியால் காற்றடித்தார். கீழ்ப் பெட்டியிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையில் தெறித்தது. "குழாய்க்குள்ள நிக்குது சார். இன்னைக்குப் போட்டா நாளைக்கு நான் ஜவாப் சொல்ல முடியாது" என்றார். ஏழு இணைப்புகளிலும் காற்றடித்து, மூடிகளைத் திறந்தே விட்டு, மூன்று நாள் கழித்து, ஒயரில் மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் கருவியை வைத்து ஒவ்வொரு சுற்றையும் சோதித்தார். கூடத்துச் சுற்று ஒன்று தேறவில்லை, அதற்கு மட்டும் புதிய ஒயர் இழுத்தோம். அவர் எழுதித் தந்த சோதனைத் தாளில் அளவீடுகள் இருந்ததால், புதிய ஒயருக்கான செலவைச் சர்வேயர் கேள்வி கேட்காமல் ஏற்றார்.

குளிர்பதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று இணைக்கும்படி உறவினர் இருவர் சொன்னார்கள். செய்யவில்லை. கம்ப்ரசரும் மோட்டாரும் அடிப்பகுதியில் இருப்பவை. ஈரத்தோடு ஓடவிட்டு மோட்டார் எரிந்தால் அது வெள்ளத்தால் ஆன சேதமா, நாம் ஓட்டியதால் ஆன சேதமா என்ற கேள்வி எழும். தண்ணீரில் நின்ற காருக்கும் இதே கதைதான். வாசலில் நின்ற என் மைத்துனரின் காரை யாரும் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போகச் சொன்னோம்.

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று பாலிசி சொல்கிறது. சர்வேயர் பார்க்கும்வரை சேதமான பொருட்களை வைத்திருக்க வேண்டும் என்பதும் அவரது எதிர்பார்ப்பு. சேற்றைக் கழுவாமல் விட்டால் பூஞ்சை ஏறும். கழுவினால் சான்று போகும். நாற்றமடிக்கும் மெத்தையை வைத்திருந்தால் வீட்டில் மூச்சுவிட முடியாது; எறிந்தால் மெத்தை இருந்ததற்கே அத்தாட்சி இல்லை. நாங்கள் கண்ட வழி, படமெடுத்த அறையைக் கழுவுவது, கெட்ட பொருட்களை எறியாமல் வாசல் தாழ்வாரத்துக்கு மாற்றி அங்கே இன்னொரு முறை படமெடுப்பது, யார் எப்போது எதை நகர்த்தினார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவது. கழுவுவதற்கு முன் கையுறையும் முழங்கால் வரை ரப்பர் பூட்சும் வாங்கிக்கொண்டோம். கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

என் இரண்டாவது தவறு மெத்தையில் நடந்தது. இரண்டு மெத்தைகள் இருந்தன. ஒன்றைத் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். மற்றது தண்ணீரைக் குடித்து, நால்வர் தூக்க முடியாத கனத்தில் கட்டிலோடு ஒட்டிக்கிடந்தது. 8ஆம் தேதி மாநகராட்சிக் குப்பை வண்டி தெருவுக்குள் வந்ததைப் பார்த்ததும், அவசரத்தில் நான்கு துண்டாக அறுத்து ஏற்றிவிட்டேன். தனிப் படம் எடுக்கவில்லை. காணொளியில் அந்த அறை வந்தபோது மெத்தையின் மேல் சேறு படிந்த போர்வைதான் தெரிந்தது. உறையின் ஒரு முழத் துண்டையும் நிறுவன முத்திரை தைத்த மூலையையும் வெட்டி எடுத்து வைத்திருந்தால்கூடப் போதும் என்று சர்வேயர் பின்னால் சொன்னார். அந்த 18,000 ரூபாய் போனது போனதுதான்.

இடைப்பட்ட இரவுகளில் பாலிசி வாசகத்தை முழுக்கப் படித்தேன். கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை, கார்பெட் பரப்பை (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் தரைப் பரப்பை) பாலிசி தொடங்கிய காலத்துக் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. நிலத்தின் விலைக்கு அதில் இடமில்லை. கட்டடத்துக்கு எடுத்தால் பொதுவான வீட்டுப் பொருட்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேர்கிறது. எங்கள் கட்டடத்துக்கு ஏறத்தாழ 18 லட்சம் என்பதால் பொருட்களுக்கு 3,60,000 ரூபாய் அளவில் இருந்தது. நகை போன்ற விலைமதிப்புள்ளவற்றுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவு கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும் என்ற வரியைப் பார்த்த பிறகுதான், சேற்றையும் உடைந்த பலகைகளையும் ஏற்றிய மினி வேனுக்கு 3,500 ரூபாய்க்குக் கையெழுத்திட்ட ரசீது கேட்டு வாங்கினேன். பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்ததால், கட்டடச் சேதத்துக்கான பணம் வங்கி வழியாக வரக்கூடும் என்று கிளை மேலாளருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். இந்தக் கடிதத்தை முன்பே கொடுத்தது பிறகு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தியது.

அடுத்த வேலை மதிப்பீடுகள். ஆசாரி, கொத்தனார், பெயின்டர், எலக்ட்ரீஷியன் நால்வரிடமும் மொத்தத் தொகையாக இல்லாமல், அளவு, பொருள், கூலி என்று பிரித்து எழுதித் தரும்படி கேட்டேன். "சமையலறை வேலை, ரூ.1,04,000" என்று எழுதிய சீட்டு சர்வேயருக்குப் பயன்படாது, கீழ் அலமாரி எத்தனை அடி, எந்தப் பலகை, கதவுகள் எத்தனை என்று இருந்தால்தான் அவர் தன் கணக்கோடு ஒப்பிட முடியும். சமையலறைக் கீழ் அலமாரிகள் துகள் பலகையால் ஆனவை; நனைந்த ரொட்டி போல ஊதி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. தேக்குச் சட்டங்கள் தப்பின. குளியலறை, படுக்கையறை ஃபிளஷ் கதவுகளின் மேல்தாள் அடியிலிருந்து ஓர் அடிவரை வாழைப்பட்டை போல உரிந்து நின்றது. தரை ஓடுகள் பார்வைக்கு ஒன்றும் ஆகாததுபோல இருந்தன. ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அடியில் பிடிப்பு விட்டு வெற்றொலி கேட்டவற்றில் சாக்பீஸால் குறியிட்டேன். பதினான்கு.

சர்வேயர் 12ஆம் தேதி முற்பகலில் வந்தார். அந்த வாரம் அவருக்கு அன்றாடம் பத்து வீடு என்றார். ஐம்பது நிமிடம் இருந்தார். அவரோடு நடக்கும்போது நான் கற்றது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதும், படங்களை அறைவாரியாக அடுக்கிய கோப்பை முதலிலேயே கையில் கொடுப்பதும் இருவருக்கும் நேரத்தை மிச்சமாக்கும் என்பதே. பீரோவின் பின்பலகைக் கோட்டைத் தானே டேப் வைத்து அளந்தார். படுக்கையறையில் ஜன்னலுக்கு அடியில் உப்புப் பூத்திருந்த ஒரு திட்டைக் காட்டி, "இது எப்போதிலிருந்து இருக்கிறது?" என்று கேட்டார். அது கோட்டுக்கு இரண்டடி மேலே இருந்தது. பல ஆண்டாக மழைக்கு ஊறும் இடம். உண்மையைச் சொன்னேன். படிப்படியாக நேர்ந்த சேதம் காப்பீட்டுக்குள் வராது என்று அதை அடித்தார். ஒன்றை ஒளித்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

மொத்தமாக நாங்கள் கேட்டது 4,11,000 ரூபாய். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது மதிப்பீடு 3,11,500 ஆக இருந்தது. நனையாத மேல் அலமாரிகளை ஆசாரி தன் சீட்டில் சேர்த்திருந்தார், அதை நான் கவனிக்காமல் கொடுத்திருந்தேன். அதற்கு 42,000 கழிந்தது நியாயமே. பழைய ஈரத்திட்டுக்கு 9,000, மெத்தைக்கு 18,000, எஞ்சிய பொருட்களின் பழைய விலையாக 6,500. இந்தக் கடைசிக் கழிவு பலருக்குப் புரியாதது: சேதமான பொருளை நாமே வைத்துக்கொண்டால் அதன் காயலான் கடை விலையைக் கழித்துத்தான் தருவார்கள். அதற்காகச் சர்வேயர் கணக்கிடுவதற்கு முன் அவற்றைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவதும் நட்டம்தான்; காட்டச் சான்று இல்லாமல் போகும்.

மீதமிருந்த 24,000 ரூபாய் குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் தேய்மானமாகக் கழிக்கப்பட்டிருந்தது. எங்கள் பாலிசியிலோ, சேதமான பொருளைப் பழுதுபார்க்கும் செலவு அல்லது அதே போன்ற பொருளால் மாற்றும் செலவு என்று இருந்ததே தவிர, வயதுக்கேற்பக் கழிப்பதைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. சண்டையிடும் தொனி இல்லாமல், அந்த வாக்கியத்தைப் பக்க எண்ணோடு எடுத்தெழுதி, எந்த விதியின் கீழ் கழித்தீர்கள் என்று கேட்டு நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். பதினெட்டு நாள் பதில் இல்லை. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அதே கடிதத்தை மீண்டும் அனுப்பியபோது, அங்கும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மனிடம்) போவேன் என்று ஒரு வரி சேர்த்தேன். சென்னையிலேயே அவரது அலுவலகம் இருக்கிறது, அங்கே முறையிடக் கட்டணமும் இல்லை. அதற்குத் தேவை வரவில்லை. 3,35,500 ரூபாயாகத் திருத்திய கணக்கு ஜனவரி இறுதியில் வந்தது. அரசு தந்த 6,000 ரூபாய் நிவாரணத்தை யாரும் இதில் கழிக்கவில்லை.

சுவர்களுக்கு அதன்பின்னும் காத்திருந்தோம். பொங்கலுக்கு முன் வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பெயின்டரும் தயாராக இருந்தார். 27 அங்குலக் கோட்டுக்குக் கீழே பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்து, பூச்சைத் திறந்து விட்டிருந்தோம். ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, ஓர் அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விட்டேன். டிசம்பர் 20 காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே இறங்கியிருந்தன. ஜனவரி 8 அன்று மெல்லிய மூட்டம் மட்டும். ஜனவரி 27 அன்று தாள் காய்ந்திருந்தது. சமையலறையின் வடக்குச் சுவர் மட்டும் பிப்ரவரி நடுவில்தான் தேறியது. எதிர்வீட்டில் பொங்கலுக்கு அடித்த வண்ணம் மார்ச்சில் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, உப்போடு சேர்த்து உதிர்ந்தது.

பிளக் பாயிண்டுகளை ஓர் அடியிலிருந்து மூன்றரை அடிக்கு உயர்த்தியபோது அந்தக் கூடுதல் வேலைக்கான 9,200 ரூபாயை நாங்களே கொடுத்தோம். முன்பிருந்ததைவிட மேம்படுத்தும் செலவு கிளெய்மில் சேராது. சமையலறைக் கீழ் அலமாரிகளைத் துகள் பலகைக்குப் பதில் பி.வி.சி. பலகையில் செய்ததற்கும் அப்படித்தான்.

2024 ஆகஸ்டில் பாலிசி முடிந்தது. புதுப்பிக்கும் படிவத்தை இம்முறை வங்கியிடம் விடாமல் நானே நிரப்பினேன். மொட்டைமாடியில் 2022-இல் கட்டிய 140 சதுர அடி அறை பழைய பரப்பில் இல்லை. அதைச் சேர்த்து, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு என்ன என்று கொத்தனாரிடம் கேட்டு அந்த எண்ணையும் திருத்தினேன். டிசம்பரில் எடுத்த படங்களோடு, செப்டம்பரில் காய்ந்த வீட்டில் எடுத்த காணொளி ஒன்றும் பொருட்களின் ரசீதுகளும் இப்போது கோப்பில் இருக்கின்றன. அதன் ஒரு பிரதி மதுரையில் உள்ள என் தம்பி வீட்டில் இருக்கிறது.